அவர் அப்படிச் சொல்லவில்லை

சட்டப்பேரவையில் நிருபர் வேலை என்றால் எங்கள் காட்பாடிப் பக்கம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பேப்பர்?" பேப்பர் எதுவும் இல்லை, உறுப்பினர்கள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து அவைக்குறிப்புக்குத் தயார் செய்கிற வேலை. அதை எனக்குப் பழக்கிவிட்ட சார் 2022 ஜூனில் ஓய்வு பெற்றார். 58 வயதில் போக வேண்டியவர். 2020-ல் அதை 59 ஆக்கினார்கள், மறு வருஷம் 60. வாங்கி வைத்த சால்வை இரண்டு வருஷம் பீரோவிலேயே கிடந்தது.

1991-ல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சொந்த மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர். கிளம்பும்போது வேலூரே மூன்றாகப் பிரிந்து, அவர் பிறந்த ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பேரவை மட்டும் ஓரிடத்தில் இருந்ததா என்ன? 2010-ல் ஓமந்தூரார் தோட்டம், அடுத்த வருஷமே திரும்பவும் கோட்டை, கொரோனா வந்ததும் கலைவாணர் அரங்கம். மனிதர் சீசன் டிக்கெட்டை மட்டும் விடவில்லை. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், அப்புறம் பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில், அடுத்த நிறுத்தம் கோட்டை. சீசனுக்குச் சீசன் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு பை நிறைய வரும், செக்‌ஷனில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பேரவைத் தலைவர் நீக்கச் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவர் காதில் விழுந்தவைதானே. ஒரு நாள் ஏலகிரி எக்ஸ்பிரஸில், வாலாஜா ரோடு தாண்டியதும், ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் சார் என்று நச்சரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சோளிங்கர் வரப்போகுது தம்பி" என்றார். அவ்வளவுதான்.

என்னிடம் கோபப்பட்டது ஒரே ஒரு முறை. ஓர் உறுப்பினர் தட்டுத்தடுமாறி பாதியில் விட்ட வாக்கியத்தை நான் அழகாக முடித்து எழுதியிருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் இப்படிச் சொல்லலையே."

அலுவலகத்தில் பாராட்டு விழா மாலை, சால்வை, காபி என்று சட்டென்று முடிந்தது. எனக்கு மனசில் நிற்பது ரயில் சிநேகிதர்கள் காட்பாடியில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்த விழாதான். பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, ஆற்காடு மக்கன் பேடா. ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் பேசித் தீர்த்த பிறகு கடைசியில் சாரை எழுப்பிவிட்டார்கள். "அடுத்தவங்க பேசறதை எழுதித்தான் பழக்கம்" என்று ஆரம்பித்தார். "வீட்ல அவங்க விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து டிபன் கட்டினாங்க. முப்பத்தோரு வருஷம். அதுக்கு..." என்றவர் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

பழக்க தோஷம், நான் மூலையில் உட்கார்ந்து நோட்டில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை டைப் செய்து, ஃபிரேம் போட்டுத் தரலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு படித்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது. 'அதுக்கு நன்றி' என்று முடித்திருந்தேன். 'நன்றி'யை அடித்துவிட்டு அங்கே மூன்று புள்ளி வைத்தார்.

"இதை நான் சொல்லலையே தம்பி."

காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஆமாமா, சொல்லலைதான்."