பைக்குள்ளிருந்து நீண்ட இரண்டு கால்கள்

இன்று காலை கான்பராவில் நடைக்குப் போனபோது, ஐன்ஸ்லி மலையடிவாரத்தில் ஒரு சாம்பல் கங்காரு புல் மேய்ந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பையிலிருந்து இரண்டு நீளக் கால்களும் ஒரு வாலும் நீட்டிக்கொண்டிருந்தன. தலையைக் காணவில்லை. குட்டி தலைகுப்புற உள்ளே பாய்ந்திருக்கிறது, இன்னும் கரணம் போட்டுத் திரும்பவில்லை. சற்று நேரத்தில் பை குலுங்கியது. கால்கள் மறைந்த இடத்தில் ஒரு மூக்கும் இரண்டு காதுகளும் முளைத்தன. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு பெரிய பிள்ளை பிறக்கும்போது ஒரு கிராம்கூட இருந்திருக்காது. கர்ப்பமே சுமார் 36 நாள்தான். மொச்சைக்கொட்டை அளவில், கண் திறக்காமல், ரோமமில்லாமல் பிறந்து, முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றித் தானே பைக்குள் ஏறிப் போகிறது. தாய் தூக்கி வைப்பதில்லை. காம்பைக் கவ்வியதும் அது வாய்க்குள் உப்பிக்கொள்ளும்; தாய் எவ்வளவு குதித்தாலும் பிடி நழுவாது.

எனக்கு வியப்பு தீராதது பால் விஷயத்தில்தான். சுமார் 11 மாதத்தில் பையை விட்டு இறங்கிய மூத்தது, வெளியே நின்றபடி தலையை மட்டும் உள்ளே விட்டு ஒரு காம்பில் கொழுப்பு மிகுந்த பாலைக் குடிக்கும். உள்ளே கிடக்கும் பச்சைக் குழந்தைக்கு இன்னொரு காம்பில் நீர்த்த பால். ஒரே உடம்பு, ஒரே வேளை!

குட்டி மலஜலம் கழிப்பதும் அதே பைக்குள்தான். தாய் தலையை விட்டு நக்கிச் சுத்தம் செய்கிறாள். "அடடா, என்ன சொகுசு" என்று உருகுகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.