குடுமியான்மலைக்கு ஆட்டோவில் போகாதீர்கள்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் "போக வர 900 ரூபாய்" என்று பேசித்தான் ஆட்டோவில் ஏறினேன். கோயில் வாசலில் இறங்கியதும் "வெயிட்டிங் தனிம்மா" என்று அது 1,300 ஆகிவிட்டது. நான் வாயடைத்து நிற்கும்போதே டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. பெண்களுக்குக் கட்டணமே கிடையாது! வயிறு எரிந்தது.

எதற்காக இவ்வளவு பாடு? அங்கே பாறையில் ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கும் இசைக் கல்வெட்டுக்காக. பாட்டு கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் தியரி பரீட்சைக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்போம். என் பாட்டு டீச்சர் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், ஒருமுறைகூட போனதில்லை.

மேலைக்கோயில் என்கிற, பாறையைக் குடைந்த குகைக்கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில்தான் கல்வெட்டு. போன நேரம் கம்பிக்கதவு பூட்டியிருந்தது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அதுவரை முன்மண்டபத்துச் சிலைகளைப் பார்த்தேன். பத்துத்தலை ராவணன் அபாரம். ஆனால் மனசு முழுக்க வெயிட்டிங் சார்ஜிலேயே இருந்தது.

சாவி வந்தது. சுமார் 13 அடிக்கு 14 அடிப் பரப்பு முழுக்கப் பொடி எழுத்து. நேராகப் பார்த்தால் வெறும் சொரசொரப்பாகத்தான் தெரிகிறது. சாவிக்காரர் என் போனை வாங்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அவ்வளவுதான், பல்லவர் கால கிரந்த எழுத்துகள் (சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்டவை) நிழலோடு எழுந்து நின்றன! நான்கு நான்கு ஸ்வரமாக, வரி வரியாக, ஏழு பகுதிகள், ஏழு ராகங்கள். எழுத்துகளின் தலையில் அங்கங்கே புள்ளிகள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நோட்டேஷன் இது. எனக்குக் கிரந்தம் வாசிக்க வராது, ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

பல்லவ அரசன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோமே, கல்வெட்டில் அவன் பெயரே இல்லை. உருத்திராச்சாரியார் என்கிற ஆசிரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நலனுக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". ச, சி, சு, செ என்று ஒரே ஸ்வரத்துக்கு உயிரெழுத்து மாறிக்கொண்டே போகிறது. அது எதைக் குறிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நிச்சயமாக இப்படித்தான் பாட வேண்டும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதாவது நேரில் போய்ப் பார்த்தாலும் பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதிக்கே போகலாம் என்பேன்.

 போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பஸ்ஸில் போங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிருங்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

அப்புறம், புதுக்கோட்டை திரும்பியதும் புரோட்டாவோடு முட்டை மாஸ் என்கிற மசாலா முட்டை. மிளகுக் காரம் மூக்கில் ஏறியது, இன்னொரு பிளேட் வாங்கினேன். சமணர் குகை ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசலும் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆட்டோக்காரர் மேலே 300 கேட்டார். அடுத்த முறை டவுன் பஸ்ஸில் பார்த்துக்கொள்கிறேன்.