பேட்டரியும் மின்வாரிய இணைப்பும் இல்லாமல் தோப்புச் சாளையில் பகல் மின்சாரம்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பிலுள்ள சாளைக்கு, அதாவது தோப்பு வீட்டுக்கு, மின்கம்பி வரவில்லை. பகலில் மட்டுமே அங்கே ஆள் புழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிடுவோம். எனவே இரவு விளக்குக்காக ஒரு பேட்டரியை வாங்கி, அதற்கு வடிநீர் ஊற்றி, இந்த வெயிலில் சில ஆண்டுகளிலேயே அது ஓய்ந்துபோகும்போது மறுபடியும் பணம் போடுவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. வெயில் இருக்கும்போது செய்தாலே போதுமான வேலைகள் நான்கு இருந்தன: தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றுவது, மதியக் கஞ்சி காய்ச்சுவது, மின்விசிறி, கைப்பேசி சார்ஜ். இவற்றைச் சோலார் பேனலிலிருந்து நேரடியாக, இடையில் எந்தச் சேமிப்பும் இன்றி ஓட்டிப் பார்த்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

வாங்கியவை 330 வாட் பேனல்கள் இரண்டு; ஒவ்வொன்றிலும் 72 செல்கள். பின்புற ஒட்டுச்சீட்டில் உச்சத்திறன் (பேனல் முழுத் திறனைக் கொடுக்கும் நிலை) மின்னழுத்தம் 37.4 வோல்ட், மின்னோட்டம் 8.83 ஆம்பியர், திறந்த சுற்று (எதையும் இணைக்காத நிலை) மின்னழுத்தம் 46 வோல்ட், குறுக்குச்சுற்று (இரு முனைகளையும் நேரே இணைத்த நிலை) மின்னோட்டம் 9.3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இவை செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தவை. சித்திரை வெயிலில் செல் 60 டிகிரிக்கு மேலும் போகும். அப்போது உச்சத்திறன் மின்னழுத்தம் 32 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது, 330 வாட் பேனல் 285 வாட் கொடுத்தாலே அதிகம். பொள்ளாச்சியில் ஆடிக்காற்று வீசும் நாள்களில் மேகம் விலகும் நேரங்களில் கிடைக்கும் மின்சாரம், கோடையின் உச்சிப்பொழுதைவிடத் தரமாக இருப்பதைக் கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

அந்த ஒட்டுச்சீட்டில் நான் முக்கியமாகக் கருதுவது, 8.83 என்ற எண்ணும் 9.3 என்ற எண்ணும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே. பேனலின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிட்டாலும், வேலை செய்யும்போது ஓடுவதைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு மட்டுமே கூடுதலாக மின்னோட்டம் ஓடும். வீட்டு மின்சாரம் இப்படிப்பட்டதல்ல. அங்கே மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுத்துக்கொள்ளலாம். பேனலால் அந்த ஒரு கணத்தைக் கொடுக்க முடியாது. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியும் ஈரமாவு அரைக்கும் கிரைண்டரும் பேட்டரியில்லாமல் கிளம்ப மறுப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு விளைவும் உண்டு: பேனல் ஒன்றுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அது ஒருபோதும் உருகாது. ஆகவே பாதுகாப்பை ஃபியூஸிடம் விடாமல், குறுக்குச்சுற்று மின்னோட்டத்தையே நாள் முழுவதும் தாங்கும் கம்பியை இழுப்பதுதான் சரி. நான் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளைப் போட்டேன். பேனலிலிருந்து சாளைக்கு 15 மீட்டர் தூரத்தில், போகவும் வரவும் சேர்த்து ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு. அது பொறுக்கத்தக்கது.

பேனல்களை நிறுத்தும் திசையிலும் வழக்கத்தை மாற்றினேன். மின்வாரியத்துக்கு விற்பவர்களுக்கு நாள் முழுவதற்கும் சேர்ந்த மொத்த யூனிட் முக்கியம், அதனால் தெற்கு பார்த்து வைப்பார்கள். எனக்கு வேண்டியது காலை எட்டரைக்கே தொடங்கி மாலை நான்கரை வரை நீளும் மின்சாரம். ஆகவே ஒரு பேனல் கிழக்கே சாய்ந்தும் மற்றொன்று மேற்கே சாய்ந்தும் நிற்கின்றன. நம் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது என்பதால், தெற்குச் சாய்வால் அந்த மாதங்களில் பெரிய ஆதாயமும் இல்லை. இரண்டையும் ஒன்றாக இணைக்காமல் தனித்தனிச் சுற்றாகவே விட்டேன். காலையில் தேவைப்படும் பம்பும் அடுப்பும் கிழக்குப் பேனலுக்கு, பிற்பகல் புழுக்கத்தில் தேவைப்படும் விசிறியும் சார்ஜரும் மேற்குப் பேனலுக்கு.

பம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இது ஏற்கெனவே பலர் கண்டு தேறிய வழி. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வயல்களில் நிற்கும் சோலார் பம்புகள் பேட்டரி இல்லாதவைதானே. என்னுடையது அவற்றின் மிகச் சிறிய உறவு: 200 வாட் அளவுள்ள, தன் கட்டுப்பாட்டுக் கருவியோடு வரும் நேர்மின்னோட்ட (டி.சி.) பம்பு. 12 மீட்டர் உயரத்துக்கு, நல்ல வெயிலில் மணிக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் ஏற்றுகிறது. காலை எட்டு மணிக்கு மோட்டார் சுழலும், ஆனால் குழாயில் நீர் வராது. சுழல்விசைப் பம்பு நீரைத் தூக்கும் உயரம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதால், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்வரை அது நீரை வெறுமனே கலக்கிக்கொண்டுதான் இருக்கும்; தாண்டியதும் சட்டென்று ஊற்றத் தொடங்கும். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி நிரம்பிவிட்டால் சொட்டுநீருக்கு அன்றைய தேவை முடிந்தது, மாலையில் மேகம் வந்தாலும் கவலையில்லை.

நான் அதிகம் உழைத்ததும் அதிகம் கற்றதும் அடுப்பில்தான். 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் காயில் அடுப்பை நேரே பேனலில் மாட்டினால் பயனில்லை. அதன் மின்தடை ஏறத்தாழ 53 ஓம், 37 வோல்ட்டில் அது 26 வாட் மட்டுமே எடுக்கும். பேனல் தன் முழுத் திறனைக் கொடுக்க வேண்டுமானால் அதன் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் மின்தடை, அதாவது நான்கு ஓமுக்குச் சற்று மேல், எதிரே இருக்க வேண்டும். ஆகவே மின்சாதனப் பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் 1,000 வாட் நிக்ரோம் (சூடேற்றும் உலோகக் கம்பி) காயிலை வாங்கி, அதை ஆறு சம துண்டுகளாக்கி, இரண்டு துண்டுகளை இணையாகக் களிமண் தட்டில் பதித்தேன். ஒரு துண்டு 8.8 ஓம், இரண்டும் இணைந்தால் 4.4 ஓம். ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் நான்கு ஆம்பியர் சொச்சம், அதாவது அந்தக் கம்பி வீட்டு அடுப்பில் தாங்கிவந்த அதே அளவு. கம்பியை அதன் இயல்புக்கு மீறி வருத்தாமல் கணக்கு பொருந்தியது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

முற்பகல் பதினொரு மணி வெயிலில் மீட்டர் 34 வோல்ட், 7.7 ஆம்பியர் காட்டியது. சுமார் 260 வாட். இரண்டு லிட்டர் நீர் கொதிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. கேஸ் அடுப்போடு ஒப்பிட்டால் இது மெதுவானதுதான், ஆனால் ஒன்பதரைக்கு வைத்த கஞ்சிக்கு யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. பாத்திரத்தைச் சுற்றித் தகரப் பெட்டி அமைத்து, இடைவெளியில் உமிச்சாம்பலை நிரப்பினேன். தேங்காய் நார்க்கழிவு கையருகே குவிந்து கிடந்தாலும் அதைத் தொடவில்லை, அது சூட்டில் புகைந்து கனன்றுகொண்டே இருக்கக்கூடியது. உமிச்சாம்பல் எரிந்து முடிந்த பொருள், சூட்டையும் நன்றாகத் தடுக்கிறது. கஞ்சி வெந்தபின் இணைப்பை எடுத்துவிட்டாலும் மதியம் வரை ஆவி பறக்கும் சூட்டோடு இருக்கிறது.

சிக்கல் மேகம் வரும்போது தொடங்குகிறது. வெயில் பாதியாகக் குறைந்தால் பேனலின் மின்னோட்டம் பாதியாகும், மின்னழுத்தம் இயல்பில் அதிகம் குறைவதில்லை. ஆனால் எதிரே நிலையான மின்தடை இருக்கும்போது, பாதி மின்னோட்டத்தால் அதில் பாதி மின்னழுத்தம்தான் தங்கும். பாதியும் பாதியும் பெருகிக் கால் பங்கை நோக்கித் திறன் சரிகிறது. என் அடுப்பில் பாதி வெயிலில் 20 வோல்ட்டும் 4.5 ஆம்பியரும், அதாவது 90 வாட்தான் கிடைத்தது. அதே நேரத்தில் பேனல் 150 வாட்டாவது கொடுக்கும் நிலையில் இருந்தது.

தோப்பில் வேலை செய்யும் அக்கா ஒருவர், கஞ்சியைப் பார்த்துக்கொள்பவர், ஒரு மந்தாரமான நாளில் என்னிடம் வந்து, “ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு நல்லாச் செவக்குதுங்க” என்றார். ஒவ்வொரு காயிலுக்கும் தனி சுவிட்ச் வைத்திருந்ததால் அவர் அதைக் கண்டிருந்தார். அளந்து பார்த்தேன்: ஒரு காயிலை அணைத்ததும் மின்தடை 8.8 ஓம் ஆகிறது, மின்னழுத்தம் 35 வோல்ட்டுக்கு ஏறுகிறது, மின்னோட்டம் 4 ஆம்பியர், திறன் 140 வாட். பாதி அடுப்பை அணைத்தால் சூடு ஒன்றரை மடங்காகிறது என்பது கேட்பதற்கு முரணாக இருந்தாலும், பேனலின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். அதன்பின் வானத்தைப் பார்த்துக் காயிலை அணைப்பதும் ஏற்றுவதும் எங்கள் சமையல் பழக்கமாகவே ஆகிவிட்டது. இதையே தானாகச் செய்யும் மின்னணுக் கருவிகள் உண்டு. ஒரு சுவிட்ச் செய்யும் வேலைக்கு அவை எனக்குத் தேவைப்படவில்லை.

சுவிட்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். வீட்டுச் சுவர்ச் சுவிட்சுகள் மாறுமின்னோட்டத்துக்கானவை (ஏ.சி.). அங்கே மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், சுவிட்ச் பிரியும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். நேர்மின்னோட்டத்தில் அந்த இடைவெளி இல்லை. பொறி நீண்டு, தொடுமுனையை உருக்கி, சில வேளைகளில் ஒட்டியும் விடும். நேர்மின்னோட்டத்துக்கென்று குறித்த எம்.சி.பி.களையே (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சுகள்) போட வேண்டும், அவற்றிலும் கூட்டல் கழித்தல் குறிப்புள்ளவற்றைத் திசை மாறாமல் இணைக்க வேண்டும். தேய்ப்புப் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் பொருத்துவதும் இதே காரணத்தால் கூடாது.

மேற்குப் பேனலில் 12 வோல்ட், 28 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறி ஓடுகிறது. இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எல்.எம். 2596 கன்வெர்ட்டர் பலகைகள் 40 வோல்ட் வரைதான் தாங்கும். காலைக் குளிரில் பேனல் 46 வோல்ட்டைத் தொடும் என்பதால் 60 வோல்ட் தாங்கும் பலகையைத் தேடி வாங்க வேண்டும். கன்வெர்ட்டருக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தால், அதே திறனைக் கொடுப்பதற்காக அது மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். பேனலிடம் அவ்வளவு இல்லையென்றால் மின்னழுத்தம் இன்னும் சரியும், ஒரு கணத்தில் எல்லாம் நின்றுவிடும். 28 வாட் விசிறிக்கு 330 வாட் பேனல் என்ற தாராளம் இதற்காகத்தான்; அடர்ந்த மேகத்திலும் விசிறி நிற்பதில்லை. அடுப்பையும் விசிறியையும் ஒரே பேனலில் சேர்த்தால் மேகத்தில் அடுப்பு மின்னழுத்தத்தை 10 வோல்ட் வரைகூட இழுத்துவிடும், விசிறி அதோடு நின்றுபோகும். தனிச் சுற்று வைத்ததன் முழுப் பயனும் அங்கே தெரிகிறது. கன்வெர்ட்டருக்கு முன் 63 வோல்ட், 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கணநேரம் தேக்கும் உறுப்பு) ஒன்றையும் இணைத்தேன். அது கால் விநாடிக்கு மேல் விசிறியைத் தாங்காது, ஆனாலும் கிளம்பும் கணத்துக்கு அது போதும்.

தென்னந்தோப்பில் நிழல் தனிக் கவலை. 72 செல் பேனல் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வைக்கப்பட்டிருக்கும். ஓர் ஓலையின் நிழல் ஒரு செல்லை முழுதாக மூடினாலே அந்தப் பகுதி முழுவதும் விலகி, 32 வோல்ட் 21 ஆகிவிடும். பம்பு உடனே நிற்கும். மரத்தடியிலிருந்து தள்ளி, வரப்போரத்தில் இரும்புச் சட்டத்தை நட்டதற்கு மட்டை விழும் அச்சம் பாதி, இந்த நிழல் பாதி.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் பீட் ஷ்வார்ட்ஸ் என்ற பேராசிரியரின் குழு, 100 வாட் பேனலையும் வெப்பக்காப்புள்ள பாத்திரத்தையும் கொண்டு இதே சமையலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அவர்கள் காயிலுக்குப் பதிலாக டையோடுகளைத் தொடராகக் கோத்துச் சூடேற்றியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். டையோடின் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கேற்ப அதிகம் மாறாது, பேனலின் உச்சத்திறன் மின்னழுத்தமும் வெயிலுக்கேற்ப அதிகம் மாறாது. இரண்டும் ஒன்றோடொன்று இணங்கிப்போவதால் மேகத்திலும் திறன் கால் பங்காகச் சரியாமல் வெயிலின் அளவிலேயே குறைகிறது. என் கணக்குப்படி 32 வோல்ட்டுக்குச் சுமார் 45 டையோடுகள், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர் தாங்குபவை, வேண்டும். ஈயப்பற்று சூட்டில் இளகிவிடக்கூடும் என்பதால் இணைப்புகளைக் கிரிம்ப் செய்து நெரித்தே சேர்க்கவிருக்கிறேன். அலுமினியத் தட்டும் மைக்கா தகடும் வாங்கியாயிற்று. டையோடுகள் வந்ததும் கிழக்குப் பேனலில் காயில் அடுப்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, மந்தாரமான நாளில் இரண்டின் வாட் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.