சதுர அடி 62 ரூபாய்: லேப்புக்கு இடம் பிடித்த கதை

"லேப்புக்கு இடம் வேணும்" என்று சொன்னால் சென்னை புரோக்கர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளட் டெஸ்டா மேடம்?" இல்லை, பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பார்க்கும் சோதனை) கிட்டுக்குள் போகும் என்சைம் தயாரிக்கிறோம் என்று விளக்கி முடிப்பதற்குள் அடுத்தது வரும்: "கிருமி எதுவும் வெளிய வராதே?" 2024 ஜனவரியில் தேட ஆரம்பித்து ஜூனில் கையெழுத்துப் போடும்வரை இந்த இரண்டு கேள்விக்கும் குறைந்தது இருபது முறை பதில் சொல்லியிருப்பேன்.

நாங்கள் நான்கு பேர். மூன்று வருடம் ஒரு இன்குபேட்டரில், அதாவது புதுக் கம்பெனிகளுக்கான பொது லேப்பில், இருந்தோம். பெஞ்சுக்கு மட்டும் வாடகை. ஆட்டோகிளேவ், சென்ட்ரிஃபியூஜ், ஐஸ் மெஷின் எல்லாம் பொது. புது பயோடெக் கம்பெனிகளுக்கு மத்திய அரசின் பைராக் தரும் பிக் மானியம் (50 லட்சம், 18 மாதம்) கைக்கு வந்ததும் அங்கேதான், தீர்ந்ததும் அங்கேதான். இன்குபேட்டரில் காலவரம்பு உண்டு. அது முடியச் சில மாதங்களே இருந்தபோது, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. ஜெனரேட்டர் பேஸ்மென்ட்டில் இருந்தது. மழைத் தண்ணீர் முதலில் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். இரண்டு நாள் கழித்து முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஃப்ரீசரைத் திறந்தால் பெட்டிகளில் இருந்து நீர் சொட்டியது. வெளி டிஎன்ஏவை ஏற்கும்படி தயார்செய்த காம்பிடென்ட் செல் முழுக்கப் போயிற்று. கிளிசராலில் உறைய வைத்த பாக்டீரியா ஸ்டாக்கில் சில பிழைத்தன. சுத்திகரித்து வைத்திருந்த புரோட்டீனைப் பற்றிப் பேச இன்னும் மனசில்லை.

அதனால் இடம் தேடப் போகும்போது என் கையில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: ஜெனரேட்டர் தரைக்கு மேலே இருக்க வேண்டும். மற்றது எல்லாம் பட்ஜெட் என்று நினைத்தேன்.

தரமணியில் மாநில அரசு நிறுவனமான டிட்கோ கொண்டுவந்த டைசல் பயோ பார்க், சிறுசேரியில் மகளிருக்கான கோல்டன் ஜூபிலி பயோடெக் பூங்கா, ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா ஆகிய மூன்றையும் தெரியாத பயோடெக்காரர் இந்த ஊரில் இருக்க முடியாது. லேப் நடத்தவென்றே யோசித்துக் கட்டிய இடத்துக்கும், ஆபீசை லேப் ஆக்கிக்கொள்ளும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முதலில் இந்த மாதிரி இடங்களைப் போய்ப் பார்ப்பது நல்லது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு தனியார் கட்டடத்தில் சதுர அடி 62 ரூபாய் என்று கேட்டதும், இவ்வளவு மலிவா என்று வாயைப் பிளந்துவிட்டோம்.

அந்த 62 என்ன ஆகிறது என்று பாருங்கள். 1,600 சதுர அடி என்றார்கள். அது லிஃப்ட், படிக்கட்டு, லாபி எல்லாவற்றிலும் பங்கு சேர்த்த சூப்பர் பில்ட்-அப். டேப் வைத்து அளந்தால் உள்ளே 1,050. வாடகை 99,200. பொதுப் பராமரிப்புக்குச் சதுர அடிக்கு 12 ரூபாய், 19,200. இரண்டின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் மாதம் 1,39,712. கால் வைக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டால் சதுர அடிக்கு 133 ரூபாய். ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாமே என்பார் உங்கள் ஆடிட்டர். கழிக்க விற்பனை வேண்டுமே! ஆராய்ச்சி நிலையில் இருக்கும் கம்பெனிக்கு அந்தக் கிரெடிட் காகிதத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

சரி, இதையும் தாங்கிவிடலாம் என்று அட்வான்ஸ் கொடுக்கப் போன சமயத்தில்தான் பெரியவர் வந்தார். மருந்துக் கம்பெனிகளுக்கு ஏசி வடிவமைத்து ஓய்வு பெற்றவர், என் நண்பரின் மாமா. இடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைக் கம்பால் தூக்கி டார்ச் அடித்தார். அப்புறம் கேட்டார்: "வாடகையை விடும்மா. உனக்கு எவ்வளவு காத்து வேணும்?"

எனக்குப் புரியவில்லை. என் பிளானில் நான்கடி ஃபியூம் ஹூட் (கெமிக்கல் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு) இரண்டு போட்டிருந்தேன், இன்குபேட்டரில் இருந்த மாதிரியே. அவர் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதினார். நான்கடி அகலம், கண்ணாடி ஒன்றரை அடி திறப்பு, ஆறு சதுர அடி. அதன் வழியாக நிமிடத்துக்கு நூறு அடி வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 600 கன அடி. அந்தக் காற்று திரும்பி வராது, மொட்டை மாடி வழியாக வெளியே போய்விடும். அதை ஈடுகட்ட அதே அளவு வெளிக்காற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். சென்னை வெளிக்காற்று என்றால் மே மாத வெயிலும் கடற்கரை ஈரமும் சேர்ந்தது. குளிர வைப்பதைவிட அதிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கத்தான் அதிகச் செலவு. "ஒரு ஹூட்டுக்கு நாலஞ்சு டன் ஏசி. வீட்டு பெட்ரூம் ஏசி மூணு சேர்ந்த மாதிரி. நீ ரெண்டு போட்டிருக்க. ராத்திரியும் ஓட்டுவியா?"

ராத்திரியும் ஓட்டுவோம். அணைக்க வேண்டும் என்று யாரும் சொன்னதே இல்லை. இன்குபேட்டரில் மின்கட்டணம் பெஞ்சு வாடகையோடு சேர்ந்துவிடும். வெயில் நாளில் ஒரு ஹூட் மட்டும் நூறு யூனிட்டைத் தொடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். இதற்கு முந்தைய ஆறு மாத நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ஹூட்டுக்குள் உண்மையில் என்ன செய்தோம் என்று எண்ணினோம். நாற்றமடிக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பது, வாரம் ஒருமுறை ஜெல் சாயம் போக்க மெத்தனால் கலவை, டிஎன்ஏ பிரிக்கப் பழக்கதோஷத்தில் செய்துகொண்டிருந்த பீனால்-குளோரோஃபார்ம். கடைசியை, சின்ன வடிகட்டிக் குழாயில் பிரிக்கும் ரெடிமேட் கிட்டுக்கு மாற்றினால் போயிற்று. மிச்சத்துக்கு மூன்றடி ஹூட் ஒன்று போதும், அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம். செல் வேலைக்கு வேண்டியது பயோசேஃப்டி கேபினட், கிருமி உள்ளேயும் வெளியேயும் போகாமல் காற்றை வடிகட்டும் கூண்டு. கிளாஸ் 2, ஏ2 வகை ஹெப்பா ஃபில்டர் வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும்; அதற்கு டக்ட் (காற்றுக் குழாய்) வேண்டாம், ஆவியாகும் கெமிக்கல் மட்டும் அதில் வைக்கக் கூடாது. ஹூட் நிற்கும் 120 சதுர அடியை மட்டும் கதவு போட்டுத் தனி அறையாக்கி அங்கே மட்டும் முழு வெளிக்காற்று. மற்ற இடத்துக்குச் சாதாரண ஏசியும் கொஞ்சம் புதுக்காற்றும். எங்கள் ஏசி மதிப்பீடு பாதிக்கும் கீழே இறங்கியது. பெரியவர் அதைப் பார்த்து, "இப்பதான் நீ எந்த இடம் வாங்கலாம்னு யோசிக்கவே ஆரம்பிக்கணும்" என்றார்.

62 ரூபாய்க் கட்டடம் அதோடு விழுந்தது. பீமுக்குக் கீழே எட்டரை அடிதான், டக்ட் போனால் தலை இடிக்கும். மொட்டை மாடிக்கு எங்கள் புகைக்குழாயை ஏற்ற ஓனர் சம்மதிக்கவில்லை. தவிர, அந்தக் கட்டடம் ஐ.டி. பயன்பாட்டுக்கென்று அனுமதி வாங்கியது. அதை மறைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விண்ணப்பம் போட முடியுமா? வரவேற்பறைச் சுவரில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பளபளவென்று மாட்டியிருந்தது. அது கட்டடத்தின் வெளிக்கூட்டுக்குக் கொடுத்தது. உள்ளே குடிவருபவர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்றை வானத்துக்கு அனுப்பினால் அந்தச் சான்றிதழுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் பிடித்த இடம் பெருங்குடிப் பக்கம் ஒரு பழைய தொழிற்கூடத்தின் முதல் மாடி. பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் 14 அடி உயரம், பாரம் தாங்கும் தளம், சரக்கு லிஃப்ட் (மைனஸ் 80 ஃப்ரீசர் ஆளுயரத்துக்கு மேல், கால் டன் எடை, பயணிகள் லிஃப்ட்டில் ஏறாது), மூன்றடி மேடை மேல் ஜெனரேட்டர். வாடகை சதுர அடிக்கு 70, டேப்பில் அளக்கும் உள்பரப்பான கார்ப்பெட் ஏரியாவுக்கே.

ஒப்பந்தத்தில் நாங்கள் சண்டை போட்டது வாடகைக்காக அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். வேலை முடிக்க 45 நாள் வாடகையில்லாக் காலம் தருவதாகச் சொன்னார்கள். வாரியத்தின் இசைவாணை, தீயணைப்புத் துறைச் சான்று, மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் எல்லாம் 45 நாளில் நடக்காது. நான்கு மாதம் கேட்டு மூன்றில் முடிந்தது. மொட்டை மாடியில் புகைப்போக்கி வைக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினோம். எங்களுக்கென்று தனி மீட்டர் கேட்டோம். காலி செய்யும்போது "பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்" என்ற ஷரத்தில், சிங்க், வடிகால் குழாய், எபாக்சி தரை மூன்றையும் விட்டுப்போகலாம் என்று சேர்த்தோம்; அடுத்து வருவதும் லேப் என்றால் அதை உடைத்துக் குப்பையில் கொட்டுவதில் யாருக்கு லாபம்? ஓனர் இதற்கு மட்டும் உடனே தலையாட்டினார். உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற ஷரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கு விடப்போகிறோம் என்று நினைத்தோம்.

வருடக்கணக்கு என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. பதினொரு மாத ஒப்பந்தமாகப் போட்டால் செலவு மிச்சம் என்று புரோக்கர் காதைக் கடித்தார். பல லட்சம் கொட்டி டக்ட் போட்டுவிட்டுப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

அனுமதிகளில் எங்களைக் காக்க வைத்தது நாங்கள் பயந்த எதுவும் இல்லை. மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா வளர்ப்பதால் உயிர்ப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) நியமிக்கும் வெளியாள் ஒருவர் இருப்பார். அது ஒழுங்காக நகர்ந்தது. இழுத்தது ஆல்கஹால். டிஎன்ஏ கழுவும் எத்தனாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதி வேண்டும். வருடத்துக்கு எத்தனை லிட்டர், எங்கே பூட்டி வைப்பீர்கள், சாவி யாரிடம் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தோம். புது முகவரி என்றால் எல்லாமே முதலிலிருந்து. இடம் மாறுகிறவர்கள் இந்த விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டுவிடுங்கள்.

அக்டோபரில் உள்ளே வந்தோம். ஃப்ரீசரை மைனஸ் 80-இல் இருந்து மைனஸ் 70-க்கு மாற்றினோம். எங்கள் ஸ்டாக்குக்கு அது போதும், மின்சாரமும் கணிசமாகக் குறையும். ஃப்ரீசர் கக்கும் சூட்டை ஏசி வெளியே தள்ளும் செலவும் கூடவே குறையும். ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீர் தனித் தொட்டிக்குப் போய்க் கழிவறைக்குப் பாய்கிறது. டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கும் ஊரில் இதைத் தத்துவம் பேசி யாருக்கும் புரியவைக்க வேண்டியதில்லை. ஹூட் மேல் ஒரு அட்டை: "உள்ளே எதுவும் இல்லையா? கண்ணாடியை இறக்கு, அணை." முதல் மாத இபி பில்லைப் பார்த்து நண்பர் மீட்டர் ஓடவில்லையோ என்று சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து கொட்டியது, மதியம் கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் மேடையில் நின்று உறுமியது. நான்கு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். தெருவின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சின்னக் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர், நனைந்த ரெயின்கோட்டோடு, கையில் தெர்மோகோல் பெட்டிகள். அவர்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் விளக்குக்கும் மட்டும்தானாம். "அக்கா, ஒரு ரேக் இடம் கிடைக்குமா?" மேல் தட்டைக் காலி செய்து கொடுத்தேன். பெட்டியைக் கை மாற்றும்போது அதில் ஒருவனுக்கு விரல் நடுங்கிக்கொண்டிருந்தது, குளிரா பயமா என்று கேட்கவில்லை.

அந்தப் பெட்டிகள் இன்னும் எங்கள் ஃப்ரீசரில்தான் இருக்கின்றன. அவர்கள் மாதாமாதம் மின்சாரத்துக்கு ஒரு தொகை தருகிறார்கள். போன வாரம் ஓனரின் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது: மேற்படி ஏற்பாடு ஒப்பந்தத்தின்படி உள்வாடகை ஆகுமா என்று விளக்கம் தரவும். ஒரு ஃப்ரீசர் தட்டு எத்தனை சதுர அடி என்று அளந்துகொண்டிருக்கிறேன்.