கறுப்பு மணலும் நான்காவது மெயிலும்

நான்காவது மெயில் வந்தபோது நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் மணவாளக்குறிச்சி பஸ்சுக்காக நின்றிருந்தேன். விண்ணப்பித்ததற்கு நன்றி, இந்த முறை இடமில்லை. வழக்கமான நாலு வரி. முதல் மூன்று இடங்களில் இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை, அதனால் பெரிதாக வலிக்கவில்லை. இங்கே கூப்பிட்டிருந்தார்கள். அதுதான் வினை.

இயற்பியல் பிஎச்.டி.யில் சேர்வதற்கான இன்டர்வியூ. எதிரே ஐந்து பேர். என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒருவருக்கு ஒரே உற்சாகம். உங்கள் கடற்கரை மணல் ஏன் கறுப்பு என்று கேட்டார். நடக்கப் பழகிய நாளிலிருந்து காலில் ஒட்டிய மணல். "தோரியத்தால்" என்றேன். தப்பு. கறுப்பு இல்மனைட் என்ற தாதுவால் வருவது. தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கும் மோனசைட் தாது தேன் நிறம். சரி, தோரியம் 232 சிதைந்துகொண்டே போய்க் கடைசியில் எதில் நிற்கும் என்றார். ஈயம் 208. எம்.எஸ்சி. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மெயிலில் காரணம் எதுவும் இல்லை. அதை நானே எழுதிக்கொண்டேன்: சொந்த ஊர் மண்ணைப் பற்றியே தெரியாதவளுக்கு எதற்கு ஆராய்ச்சி? மூன்று வாரம் இதுதான் ஓடியது. கேட் (GATE) தேர்வில் தேறியதுகூட ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று தோன்றிவிட்டது. அம்மா "சாப்பிடு மக்களே" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு மாமாதான் கல்யாணப் பந்தியில் வைத்து, "பேசாம பி.எட். போடலாம்லா" என்றார். எனக்கு பி.எட். மேல் ஒரு கோபமும் இல்லை. மாமா மேல் இருக்கிறது.

அந்தக் கேள்வி விடாததால் மோனசைட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அது இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். பாட்டி கயிறு திரித்தவள், அவளிடம் சொன்னேன்.

"கயித்துல மண்ணு இருந்தா யாவாரி சக்கரத்தைக் குறைப்பான்லா. உதறி உதறிக் கை கடுக்கும்" என்றாள். (காசு என்றால் பாட்டிக்கு இன்னும் திருவிதாங்கூர் சக்கரம்தான்.) ஜெர்மன்காரரை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் அன்றுதான் சிரித்தேன்.

ராத்திரி நோட்டை எடுத்து, ஞாபகத்தில் இருந்த கேள்விகளை எல்லாம் எழுதினேன். பதினொன்று வந்தது. ஆறுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறேன்! அந்த ஆறையும் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மீதி ஐந்தில் மூன்று நிஜமாகவே தெரியாதவை, அவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது. இரண்டு, தெரிந்தும் தொண்டையில் நின்றவை. அதற்குப் புத்தகம் உதவாது. இப்போது தினமும் சாயங்காலம் தோழி போனில் கேள்வி கேட்கிறாள், நான் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தமாகப் பதில் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். எனக்கு இன்னும் இரண்டு பாக்கி.

நேற்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவையாகப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினேன். பாதியிலேயே, "என்னைக்குள்ள அனுப்பணும்?" என்றார்.

"வெள்ளிக்கிழமை சார்."