வாசற்கதவில் ஒட்டிய அட்டை

என் மகளுக்கு 15 வயது. அவளுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருப்பது 12 வயதில்தான் தெரிந்தது. வீட்டை இரண்டாக்கும் துறுதுறுப்பு இருந்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். இவளோ ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பவள். கவனச்சிதறல் மட்டுமே மேலோங்கிய இந்த வகை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், பல நேரம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. "கெட்டிக்காரிதான், ஆனால் அக்கறை போதாது" என்று ஆண்டுதோறும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

தெரிந்த பிறகு, அவளுடைய ஞாபகமாக நானே மாறினேன். பையை எடுத்தாயா, நோட்டை வைத்தாயா, நாளைக்குத் தேர்வு, நினைவிருக்கிறதா? எழுந்தது முதல் விளக்கணைக்கும் வரை என் குரல் ஓயாது. வேலைகள் நடந்தன. ஒருநாள் அவள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் கேட்கும்போதெல்லாம், நான் மறந்துவிடுவேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டது போல இருக்கிறது."

மனம் நொந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். "இனி உன் பொறுப்பு" என்றேன். மூன்று வாரத்தில் இரண்டு பாடங்களின் ஒப்படைப்புகள் போய்ச் சேரவில்லை. பள்ளியிலிருந்து வந்த கடிதம் அவள் மெத்தைக்கடியில் கிடந்தது. ஒப்படைப்பு தவறியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்; என் பிள்ளை எனக்குப் பயந்து ஒன்றை ஒளித்திருக்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. நீச்சல் பழகாதவளை நட்டாற்றில் விட்டிருக்கிறேன்.

அப்போது மருத்துவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, முழுத் தடிமனை எட்டும் வயதை ஒப்பிட்டார்கள். அதன் பாதிப் பகுதி அந்த நிலையை எட்ட மற்றவர்களுக்கு ஏறத்தாழ ஏழரை வயது ஆனது, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. வளரும் வரிசை ஒன்றுதான், வேகம்தான் வேறு. திட்டமிடுவதையும் கவனத்தையும் கவனித்துக்கொள்ளும் முன்பகுதியில் தாமதம் அதிகம். "15 வயதில் இன்னுமா?" என்ற கேள்வியை அன்றோடு விட்டேன்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைக் கைமாற்றத் தொடங்கினோம். முதலில் காலையில் கிளம்புவது. "சாவி, நோட்டு, கண்ணாடி" என்று அவளே அட்டையில் எழுதினாள். படிக்கும் மேசையில் ஒட்டினோம், பயனில்லை. மறதி நடக்கும் இடம் மேசை இல்லையே. வாசற்கதவில், தாழ்ப்பாளுக்கு நேர் மேலே ஒட்டினோம். முதல் வாரம் ஒருநாள், தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. உதடு மூன்று முறை அசைந்தது. திரும்பி உள்ளே ஓடிக் கண்ணாடியை எடுத்து வந்தாள். பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. சில வாரத்தில் அட்டை கண்ணுக்குப் பழகி, கதவோடு கதவாகிவிடும். அப்போது வேறு நிறத்தில் புதிதாக எழுதிக்கொள்கிறாள். அந்த யோசனை அவளுடையது.

நேரம்தான் கடினம். எட்டு ஐம்பத்தைந்து வரைக்கும் ஒன்பது மணி அவளுக்கு எங்கோ தொலைவில் இருக்கும். சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும் கடிகாரம் ஒன்று வாங்கினோம். மீதி நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. படிக்கும்போது நான் எதிரில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன். கண்காணிப்பதில்லை, பேசுவதுமில்லை. ஒருவர் உடன் இருந்தாலே அவளுக்குத் தொடங்க முடிகிறது. இப்போது பக்கத்து அறைக்கு நகர்ந்துவிட்டேன், கதவு மட்டும் திறந்திருக்கும்.

மாத்திரைப் புட்டி என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை இந்த வயதில் கைமாற்ற மாட்டேன். ஏழு அறைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் அவள் நிரப்புகிறாள். காலையில் "போட்டாயா?" என்று கேட்பதில்லை, அன்றைய அறை காலியா என்று பார்த்துக்கொள்கிறேன். மாலையில் மருந்தின் வேகம் வடியும் நேரத்தில்தான் எங்கள் சண்டைகள் எல்லாம் நடந்திருக்கின்றன என்பது வெகு தாமதமாகப் புரிந்தது. முக்கியமான பேச்சு எதுவானாலும் இப்போது விடுமுறை நாள் காலையில்தான்.

தவறுகள் நிற்கவில்லை. போன மாதம் ஒரு ஒப்படைப்பு தப்பியது. ஆனால் அன்று மாலையே, "அப்பா, ஒன்று விட்டுப்போய்விட்டது, ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது?" என்று வந்து நின்றாள். என்ன சொல்வது என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். போய்ப் பேசியது அவள்.

காலையில் எழுப்புவது இன்னும் என் வேலைதான். பள்ளி விடுமுறையில் அதைப் பழகிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், தவறினாலும் நஷ்டமில்லாத நாட்களில்.