சியோலில் யாரும் ‘சாரி’ சொல்லவில்லை

சியோல் மெட்ரோவின் 2ஆம் தடம் ஊரை வட்டமாகச் சுற்றி வரும். காலை எட்டரை மணிக்குச் சின்தோரிம் நிலையத்தில் ஏறினேன். கதவு மூடுவதற்குள் மூன்று பேர் தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நெரிசலில் என் கால் பக்கத்தில் நின்ற பெரியவர் மேல் பட்டுவிட்டது. யோசிப்பதற்கு முன்பே கை அவர் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவர் திகைத்துப்போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, தலையை லேசாகத் தாழ்த்தி ‘க்வென்சனாயோ’ என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

தங்கியிருந்த வீட்டை நடத்துபவரிடம் அன்று இரவு இதைச் சொன்னேன். முதல் நாளே என் வயதைக் கேட்டு, தனக்கு நான்கு வயது இளையவள் என்று தெரிந்ததும், தன்னை ‘ஒன்னி’ என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். ஒரு பெண் தன் அக்காவைக் கூப்பிடும் சொல் அது. வயது தெரியாமல் கொரிய மொழியில் வினைச்சொல்லை முடிக்கவே தயங்குவார்கள். வாக்கியத்தின் கடைசியில்தான் மரியாதை உட்கார்ந்திருக்கிறது.

“ரயிலில் இடிப்பதை நாங்கள் தப்பு என்றே எண்ணுவதில்லை. அவ்வளவு கூட்டத்தில் இடிக்காமல் எப்படிப் போவது? அதற்கு மன்னிப்புக் கேட்டால்தான் ஏதோ நடந்துவிட்டது போல ஆகிவிடும்” என்றார் ஒன்னி. இறங்கும்போது ‘சம்ஷிமான்யோ’, ஒரு நிமிஷம் என்று சொன்னால் போதுமாம்.

மன்னிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் சொல் கனமாகிவிடுகிறது. நண்பர்களிடம் ‘மியானே’ சொல்லலாம். ‘மியான்’ என்பதன் சீன வேரைப் பிரித்தால் ‘நிம்மதி இல்லை’ என்று வரும்: உனக்கு இப்படி ஆனதில் என் மனம் நிலைகொள்ளவில்லை. பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் அது செல்லாது. ‘ஜ்வேசொங்ஹம்னிதா’ என்றுதான் சொல்ல வேண்டும். அதன் வேரில் குற்றமும் நடுக்கமும் இருக்கின்றன. மாமனாரிடம் போய் ‘மியானே’ என்றால் அந்த மன்னிப்பே அடுத்த தப்பாகிவிடும்.

ஒன்னி ஐந்து வருஷம் டொரன்டோவில் இருந்தவர். அங்கே முதல் மாதம் முழுக்கக் குழப்பமாம். கடையில் வழிவிடுகிறவர் சாரி, கதவைத் திறக்கிறவர் சாரி, தான் இடித்தாலும் எதிரில் வருகிறவர்தான் சாரி. இத்தனை பேர் மன்னிப்புக் கேட்கும்படி என்ன நடந்தது என்று நினைத்தாராம். பிறகு அப்பா இறந்த செய்தி வந்தது. உடன் படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ‘ஐ ஆம் சாரி’ என்றார்கள். “நீ என்ன செய்தாய் என் அப்பாவை, என்று கேட்கத் தோன்றியது. அன்பாகத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் இறங்கவேயில்லை.”

எனக்கு அது உடனே புரிந்தது. நாமும் துக்க வீட்டில் மன்னிப்புக் கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அம்மாவிடம் நான் ‘மன்னிச்சிடு’ என்று சொன்னதாக நினைவே இல்லை. கோபித்துக்கொண்டு போனால், திரும்பி வந்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்பேன். கொரியாவிலும் வீட்டுக்குள் அப்படித்தான். அம்மா பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து பேசாமல் வைத்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தமாம். கொரிய மொழியில் ‘சாக்வா’ என்றால் ஆப்பிளும்தான், மன்னிப்பும்தான். அக்டோபர் 24ஆம் தேதி ஆப்பிள் கொடுத்துச் சமாதானம் ஆகிற வழக்கம்கூட ஒன்று உண்டு.

மூன்றாம் நாள் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐந்தாம் மாடி வீட்டில் பழுதுவேலை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, சத்தத்துக்கு ‘ஜ்வேசொங்ஹம்னிதா’. அந்த வீட்டுக்காரர் முன்பே வீடு வீடாகப் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தார், கையில் ஒரு கட்டு குப்பைப் பையோடு. கொரியாவில் 1995 முதல் குப்பையைக் காசு கொடுத்து வாங்கும் பையில்தான் போட வேண்டும். அதனால் அது எல்லா வீட்டுக்கும் உதவும் பரிசு. ரயிலில் தோளை இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத அதே ஊர், சுத்தியல் சத்தம் கேட்பதற்கு முன்பே வாசலில் வந்து தலைகுனிகிறது. இந்த ஊரை மரியாதை தெரியாத ஊர் என்று எழுதுகிற பயணிகள் ஒரு வாரமாவது ஒரு குடியிருப்பில் தங்கிப் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை ஒன்னி என்னை நகரின் நடுவே பழைய ஜப்பானியத் தூதரக இடத்துக்கு எதிரே கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்காக 1992 ஜனவரியிலிருந்து புதன்தோறும் நடக்கும் போராட்டம் அது. ஆயிரமாவது போராட்டம் நடந்த 2011 டிசம்பர் 14 அன்று அங்கே ஒரு சிறுமியின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெறுங்கால், குதிகால் தரையில் படவில்லை. கைகள் இறுகியிருக்கின்றன.

2015 டிசம்பரில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் தன் பிரதமரின் மன்னிப்பைச் சியோலில் அறிவித்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 100 கோடி யென் தருவதாகவும் உடன்பாடு ஆயிற்று. உதவித்தொகையை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பெண்களில் உயிரோடிருந்த பாட்டிகளைக் கலந்து பேசாமலே முடித்த உடன்பாடு அது என்று கொதித்தவர்கள் ஏராளம். ஒன்னி திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘ஜின்ஜொங்சொங்’. மனதார, உண்மையாக இருக்கும் தன்மை. “யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இரண்டு அரசாங்கம் கைகுலுக்கிக்கொண்டால் பாட்டிக்கு என்ன வந்தது?” எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அப்போது குரல் உயர்ந்துவிட்டது.

சிறுமியின் கழுத்தில் யாரோ கம்பளிச் சால்வை சுற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது, இறந்துபோன பாட்டிகளுக்காக. யார் வேண்டுமானாலும் உட்காருவதற்காக வைத்தது அது. உட்கார்ந்தேன். வெண்கலம் சில்லென்று இருந்தது. ஒன்னி சால்வையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று எழுந்துகொண்டேன்.